குளம்பில் ஆணி அடிக்கிறவனைப் பரீட்சித்துப் பாருங்கள்

சங்கப் பதிவுக்கும் பாரம்பரியத் தொழில்களுக்கும் பொறுப்பான மாவட்ட, மாகாண அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா,

மாட்டுக்கும் குதிரைக்கும் லாடம் அடிக்கும் நாங்கள் 14 பேர் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தோம். அதைப் பதிந்து தரச் சொல்லிக் கொடுத்த விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. இப்படியொரு தொழில் வகை பட்டியலில் இல்லையாம். இரும்பு வேலை செய்கிறவர்களின் சங்கத்தில் சேர்ந்துகொள்ளலாமாம். கடிதத்தில் அவ்வளவுதான். விளக்கம் கேட்டு நேரில் போனபோது கவுண்டரில் இருந்த தம்பி, "இப்ப யார் ஐயா மாட்டு வண்டில் ஓட்டுறாங்க?" என்று கேட்டார். அவரில் குறையில்லை, படிவத்தில் இல்லாததை அவர் எங்கே எழுதுவார்? ஆனால் பட்டியலைக் கையில் வைத்திருப்பவர்கள் பதில் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இதை எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

அந்தத் தம்பி கேட்டதற்கே முதலில் பதில் சொல்கிறேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற எங்கள் படுவான்கரைக்கு வந்து பாருங்கள். மணலும் விறகும் வைக்கோலும் இன்னும் வண்டிலில் போகின்றன. மாரி மழைக்குள் லேண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரம் புதையும் வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், நெல்மூட்டையை வெளியே எடுப்பது மாடுதான். 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்றோமே, அப்போது கொட்டிலுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த வண்டில்களைச் சிலர் தூசி தட்டி எடுத்தார்கள். அந்த மாதங்களில் எனக்கு இராப்பகலாக வேலை. வண்டில் குறைந்துவிட்டது உண்மை. என் தகப்பனார் காலத்தோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் மிச்சமிருக்கிற மாடுகள் நடக்கிற ரோட்டைப் பாருங்கள். முன்பு எல்லாம் மண்ணும் கிறவலும். சேற்றிலும் மணலிலும் நடக்கிற மாட்டுக்கு லாடமே வேண்டாம். யுத்தத்துக்குப் பிறகு காப்பெட் ரோடும் கொங்கிறீட் ரோடும் போட்டீர்கள், நல்ல காரியம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தது. பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்த சனம் இப்போது நேரே போகிறது, அதுவும் நல்ல காரியம். ஆனால் பாரத்தை இழுத்துக்கொண்டு தாரில் நடக்கிற மாட்டின் குளம்பு வளர்வதை விட வேகமாகத் தேயும். ரோடு திருந்தத் திருந்த லாடத்தின் தேவை கூடும். அதை எந்த வீதித் திட்டத்திலும் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அப்புறம் குதிரைகள். கடற்கரைப் பக்கம் சுற்றுலாக்காரரை ஏற்றுகிற குதிரைகள் சில இருக்கின்றன. கலியாண ஊர்வலத்துக்கு விடுகிற குதிரைகளும் உண்டு. ஆசைக்கு வாங்கிக் கட்டி வைத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். லாடம் தேயாவிட்டாலும் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி, வளர்ந்த குளம்பைச் சீவி, திரும்ப அடிக்க வேண்டும். குதிரைக் குளம்பு மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவாக வளரும். வளர விட்டால் முன்நுனி நீண்டு, குதி தாழ்ந்து, பாரமெல்லாம் பின் நரம்பில் போய் விழும். குதிரை வாங்கியவர்களில் பலருக்கு இதைச் சொல்ல ஆளில்லை. லாடம் தானாகக் கழன்று விழுந்த பிறகுதான் எனக்கு அழைப்பு வரும்.

இனி, கொல்லர் சங்கத்தில் சேரச் சொன்னதற்கு வருகிறேன். கொல்லர்கள் வேறு ஆட்களில்லை, எங்கள் ஆட்கள்தான். என் தகப்பனாரும் பட்டடை வைத்திருந்தவர். தாக்கத்தி, மண்வெட்டி, கோடரி, வண்டில் சில்லுக்கு இரும்புப் பட்டை எல்லாம் செய்வார். துருத்தி இழுத்துத்தான் நான் வளர்ந்தேன். ஆனால் லாட வேலையில் இரும்போடு முடிவது பாதிதான். மிச்சப் பாதி உயிருள்ள காலில் நடக்கிறது. தாக்கத்தி வளைந்து போனால் திரும்ப உலையில் வைக்கலாம். காலில் பிழை விட்டால் அப்படி முடியாது.

மாட்டின் குளம்பு பிளந்தது. ஆகவே ஒரு காலுக்கு இரண்டு தகடு, நாலு காலுக்கும் எட்டு. ஆணி வெளிச்சுவரில் மட்டும்தான் போக வேண்டும், அந்தச் சுவரோ மெல்லியது. சுவரும் அடிப்பாதமும் சேருகிற இடத்தில் வெளிறிய கோடு ஒன்று ஓடும். ஆணி அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றால் மாட்டுக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே போனால் உயிர்ச்சதை. லாட ஆணியின் நுனி ஒரு பக்கம் சரிவாக இருக்கும். சரிந்த பக்கத்தை உள்ளே வைத்து அடித்தால் ஆணி வெளிப்பக்கமாக வளைந்து சுவரைத் துளைத்து வரும். மாற்றி வைத்தால் நேரே சதைக்குள் போகும். அடிக்கும்போது காதும் வேலை செய்ய வேண்டும். கெட்டியான இடத்தில் இறங்குகிற ஆணியின் சத்தம் வேறு, மெதுவான இடத்தில் இறங்குகிற ஆணியின் சத்தம் வேறு. சத்தம் மாறினால் அந்த நிமிஷமே கையை நிறுத்தி ஆணியைப் பிடுங்க வேண்டும். இதைப் பட்டடையில் இருந்து கற்க முடியாது. கால் மாட்டின் காலாக இருக்க வேண்டும், பக்கத்தில் பார்த்துக்கொண்டிருக்கத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும்.

தெரியாதவன் அடித்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி வேண்டுமா? போன பெரும்போக அறுவடைக் காலத்தில் ஒரு வண்டில்காரர் என்னைத் தேடி வந்தார். யாரோ ஒருவர் குறைந்த கூலிக்கு, ஹார்ட்வெயார் கடையில் விற்கிற சாதாரண கம்பி ஆணியால் அவருடைய மாட்டுக்கு லாடம் அடித்திருக்கிறார். மாடு பின்காலை ஊன்றவில்லை. குளம்பைத் தொட்டால் சுட்டது. ஆணியைப் பிடுங்கியதும் கறுப்பாகச் சீழ் வந்தது. மிருக வைத்தியர் வந்து மருந்து போட்டும் சரிவரவில்லை, மாடு இறைச்சிக்குப் போனது. சோடி மாட்டில் ஒன்று போனால் மற்றது புதிய மாட்டோடு ஒத்து இழுக்க எவ்வளவு காலம் எடுக்கும் என்பது வண்டில்காரருக்குத் தெரியும். அவர் அந்த மாட்டையும் விற்றுவிட்டார். ஆணி அடித்தவர் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறார். அவரும் நானும் உங்கள் பட்டியலில் ஒன்றுதான், இருவருமே அதில் இல்லை.

நான் குதிரை வேலை கற்றது வளைகுடாவில். 1990களில் போனேன். விசாவில் கூலித் தொழிலாளி என்று இருந்தது, வேலை குதிரை லாயத்தில். சாணி அள்ளி, தண்ணீர் வைத்து, குதிரையைக் குளிப்பாட்டுகிற வேலை. அங்கே லாடம் அடிக்க ஒரு ஆங்கிலேயர் முறை வைத்து வருவார். தன் வான் வண்டிக்குள்ளேயே காஸ் உலையும் பட்டடையும் வைத்திருப்பார். நான் குதிரையின் காலைத் தூக்கிப் பிடிக்கிற விதத்தைப் பார்த்து, முன்பு இந்த வேலை செய்தவனா என்று கேட்டார். மாட்டுக்குச் செய்தேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் வரும் நாளெல்லாம் நான்தான் கையாள். ஒருநாள் செத்துப்போன குதிரையின் காலொன்றை வாளால் நெடுக்காக இரண்டாக அறுத்து என் முன்னால் வைத்தார். குளம்புக்குள் எலும்பு எப்படித் தொங்குகிறது, சுவர் எத்தனை தடிப்பு, ஆணிக்கு எத்தனை இடம் இருக்கிறது என்று எல்லாம் அதில் தெரிந்தது. ஊரில் அவ்வளவு காலம் ஆணி அடித்தும் கண்ணால் பார்க்காததை அன்றுதான் பார்த்தேன். இப்போது என்னிடம் பழக வருகிற பொடியன்களுக்கு இறைச்சிக் கடையிலிருந்து மாட்டுக்கால் வாங்கி வந்து, முதலில் அதைத்தான் அறுத்துக் காட்டுகிறேன்.

அந்த ஆங்கிலேயர் சொல்லித்தான் அவர்கள் நாட்டுக் கதை எனக்குத் தெரியும். பிறகு தேடியும் வாசித்தேன். லண்டனில் 1356இல் நகரத் தலைவர் லாடக்காரர்களை அழைத்து, வேலை தெரியாதவர்களால் குதிரைகளுக்குக் கேடு வருகிறது என்ற முறைப்பாட்டை முன்வைத்து, தொழிலைக் கண்காணிக்க அவர்களிலேயே ஆட்களை நியமித்தார். அந்த அமைப்புக்கு 1674இல் அரச பட்டயம் கிடைத்தது. 1890இல் பரீட்சை தொடங்கினார்கள். 1975இல் பாராளுமன்றமே லாடக்காரர் பதிவுச் சட்டம் கொண்டுவந்தது. அங்கே இப்போது பல வருஷம் பயிலுநராக இருந்து, பரீட்சை எழுதி, பதிவேட்டில் பெயர் வந்தால்தான் லாடக்காரராகக் குதிரைக்கு லாடம் அடிக்கலாம். பாருங்கள், அத்தனையும் தொடங்கியது ஒரு முறைப்பாட்டிலிருந்து. எங்கள் வண்டில்காரர் என்னிடம் கொண்டுவந்ததும் அதே முறைப்பாடுதான்.

அந்த ஆங்கிலேயரின் பெயருக்குப் பின்னால், பரீட்சையில் தேறியவர் என்று காட்டுகிற சில எழுத்துகள் இருந்தன. அந்த எழுத்துகளுக்குத்தான் கூலி. அவர் இல்லாத நாட்களில் கழன்ற லாடத்தை நானே அடித்தேன், குதிரைகள் நொண்டவில்லை. ஆனால் என் சம்பளம் சாணி அள்ளுகிறவனின் சம்பளம். வேலையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டபோது முகாமையாளர் ஒரே வார்த்தைதான் கேட்டார்: உன் நாட்டுச் சான்றிதழ் எங்கே? இன்றைக்கும் மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து பொடியன்கள் அந்த லாயங்களுக்குப் போகிறார்கள். சாணி அள்ளத்தான் போகிறார்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்பு என்று மேடையில் பேசும்போது இதையும் கொஞ்சம் யோசியுங்கள். கையில் ஒரு தாள் இருந்தால் அதே விமானத்தில் வேறு சம்பளத்துக்குப் போகலாம்.

இங்கிலாந்துச் சட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. சங்கத்துக்குள் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதமே நடந்தது. பதியாதவன் அடித்தால் குற்றம் என்று சட்டம் போட்டால் முதலில் மாட்டிக்கொள்வது எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் மூத்தவர்கள்தான். அங்கேகூடச் சட்டம் வந்தபோது, ஏற்கெனவே தொழிலில் இருந்தவர்களுக்கென்று பதிவேட்டில் தனிப் பகுதி ஒதுக்கினார்கள். அமெரிக்காவில் வேறு வழி. 1971இல் லாடக்காரர்கள் தாங்களே ஒரு சங்கம் தொடங்கினார்கள். பரீட்சையும் சங்கம்தான் நடத்துகிறது. விரும்பியவர் எழுதலாம், கட்டாயமில்லை, படிப்படியாக மேல்நிலைக்கும் போகலாம். பரீட்சையில் தேறியவரைக் குதிரைக்காரர் தேடிப் போகிறார்கள். எங்களுக்கு இதுதான் பொருந்தும் என்பது என் எண்ணம், கடைசியில் எல்லோரும் அதற்குத்தான் உடன்பட்டார்கள்.

ஆகவே நாங்கள் கேட்பது மானியமும் இல்லை, தகரமும் சீமெந்தும் இல்லை. எங்களைப் பரீட்சிக்கச் சொல்லிக் கேட்கிறோம். இந்த நாட்டில் எத்தனை பேர் உங்களிடம் வந்து எங்களுக்குப் பரீட்சை வையுங்கள் என்று கெஞ்சியிருப்பார்கள்?

சங்கத்தில் தமிழரும் இருக்கிறார்கள், முஸ்லிம்களும் இருக்கிறார்கள். ஏறாவூர், வாழைச்சேனைப் பக்கத்திலிருந்து சம்மாந்துறை வரைக்கும் ஆட்கள் உண்டு. விதிகளை நாங்களே எழுதினோம். நொண்டுகிற மாட்டுக்கு மிருக வைத்தியர் பார்க்காமல் லாடம் அடிப்பதில்லை. கம்பி ஆணி தொடுவதில்லை. பழக வருகிறவன் முதல் வருஷம் ஆணி அடிக்கக் கூடாது, சீவவும் காலைப் பிடிக்கவும் பழக வேண்டும். ஒருவர் பிழை விட்டால் மூன்று பேர் போய்ப் பார்த்து, நட்டத்தில் ஒரு பங்கைச் சங்கம் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் சங்கம் என்றால் தலைவர் பதவிக்குச் சண்டை வராமல் இருக்காது. அதனால் முதல் வருஷம் தலைவரே வேண்டாம், செயலாளரும் பொருளாளரும் போதும் என்று தீர்மானித்தோம். அதற்கும் உங்கள் படிவத்தில் இடமில்லை என்பது வேறு கதை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாட்டைக் கயிறு போட்டு வீழ்த்தி, கால்களைச் சேர்த்துக் கட்டித்தான் நாங்கள் லாடம் அடிக்கிறோம். ரோட்டில் போகிறவர்கள் போனில் படமெடுத்து, மிருகவதை என்று எழுதுகிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. மாடு அசை போடுகிற பிராணி, பக்கவாட்டில் அதிக நேரம் கிடந்தால் வயிறு ஊதும். கெட்டித் தரையில் விழுத்தினால் கொம்போ இடுப்போ போகும். பழகியவர்கள் வெறும் வயிற்றில், மணலில் வீழ்த்தி, சுருக்காக முடித்து எழுப்பிவிடுவார்கள். பழகாதவர்கள் அப்படிச் செய்வதில்லை. மிருகவதைத் தடுப்புக்கு 1907ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. நோயோ காயமோ உள்ள பிராணியிடம் வேலை வாங்குவது அதன்படி குற்றம். லாடமில்லாமல் குளம்பு தேய்ந்து இரத்தம் கசிகிற மாட்டை ஓட்டுவதும் அதில் அடங்கும்தானே? ஆகவே லாடத்தை நிறுத்துவதில் தீர்வில்லை. வீழ்த்தாமல் அடிக்க வழி செய்ய வேண்டும். ஐரோப்பாவில் எருதுகளுக்கு லாடம் அடிக்க நாலு தூண் நட்டு, வயிற்றுக்குக் கீழே பட்டி கொடுத்துத் தாங்குகிற சட்டகம் ஒன்றைப் பயன்படுத்தினார்கள். மாடு நின்றபடியே நிற்கும், ஒரு காலை மட்டும் பின்னால் எடுத்துக் கட்டுவார்கள். இரும்புக் குழாயில் அதை நாங்களே செய்துவிடுவோம். நடுவதற்கு இடம்தான் இல்லை. சொந்த வளவில் நட்டால் அடுத்தவர் பயன்படுத்த முடியாது, பொது இடத்தில் நட்டால் பிரதேச சபை பிடுங்கிவிடும்.

கொக்கட்டிச்சோலையில் கல் நந்தி புல் தின்ற கதையை இன்றைக்கும் பெருமையோடு சொல்கிற மாவட்டம் இது. உயிரோடு இருக்கிற மாட்டின் காலைப் பார்க்கிறவனுக்குப் பட்டியலில் ஒரு வரி கொடுக்க இங்கே ஏன் இவ்வளவு தயக்கம்?

எங்கள் கோரிக்கைகளுக்கு வருகிறேன்.

விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். பட்டியலில் இல்லை என்பதற்காகச் சங்கப் பதிவை மறுக்கலாம் என்று எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு சொல்கிறதென்று எழுதுங்கள். அப்படியொரு பிரிவு இல்லையென்றால் பதிந்து தாருங்கள். இரும்பு வேலைச் சங்கத்தோடு எங்களைச் சேர்க்க வேண்டாம். அவர்களோடு எங்களுக்குப் பகையில்லை, ஆனால் கால்நடை பற்றிய கூட்டத்துக்கு அவர்களை யாரும் கூப்பிடப் போவதில்லை, நாங்கள் இருக்க வேண்டிய இடம் அது.

தேசிய தொழில் தகைமை, அதுதான் எல்லோரும் சொல்கிற என்.வி.கியூ., அதற்குள் லாடத் தொழிலைக் கொண்டுவர, தேர்ச்சி நியமம் ஒன்றை, அதாவது என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற அளவுகோலை, தயாரிக்கும்படி உரிய ஆணைக்குழுவுக்கு மாகாணத்திலிருந்து எழுதுங்கள். பள்ளிக்கூடப் படிப்பு இல்லாத, ஆனால் வேலை தெரிந்தவர்களின் திறமையைச் செய்து காட்டச் சொல்லிச் சான்றிதழ் கொடுக்கிற முறை அந்த அமைப்புக்குள் ஏற்கெனவே இருக்கிறது. மேசன், மெக்கானிக் எல்லோரும் அதில் எடுத்திருக்கிறார்கள். எங்கள் மூத்தவர்களுக்கும் அந்த வாசலைத் திறவுங்கள். பரீட்சையாளராக ஒரு கால்நடை வைத்தியர் இருக்கட்டும். குதிரை தெரிந்தவர் வேண்டுமென்றால் கொழும்பில் பொலிஸ் குதிரைப் பிரிவு இருக்கிறது, நுவரெலியாவில் பந்தயம் நடக்கிறது, அந்தக் குதிரைகளின் காலைப் பார்க்கிறவர்களைக் கூப்பிடுங்கள். செய்முறைக்கு வேண்டிய மாடும் இரும்பும் எங்கள் செலவு.

மட்டக்களப்பில் ஒன்று, அம்பாறையில் ஒன்று என்று இரண்டு இடத்தில், கால்நடை வைத்திய அலுவலக வளவுக்குள் மாட்டை நிறுத்தி லாடம் அடிக்கிற அந்தச் சட்டகத்தை நட அனுமதி தாருங்கள். செய்வதும் பராமரிப்பதும் சங்கத்தின் பொறுப்பு. பரீட்சையில் தேறியவர்களின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் அந்த அலுவலகங்களின் அறிவித்தல் பலகையில் போடுங்கள். தேறாதவர்களைத் தடுக்க வேண்டாம். மாட்டுக்காரர் பார்த்துத் தெரிவு செய்வார்.

தொழில் பட்டியலின் முழுப் பிரதியையும் தமிழில் தாருங்கள். எங்களுக்குக் காட்டியது ஆங்கிலத்தில் இருந்தது, அதையும் கண்ணாடிக்கு அப்பால் வைத்துத்தான் காட்டினார்கள். அதோடு, மாவட்டக் கால்நடைக் கூட்டம் ஒன்றுக்கு எங்கள் செயலாளரை அழைத்து அரை மணித்தியாலம் பேச விடுங்கள். வெட்டிய குளம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு நானும் கூட வருவேன்.

இந்த மாத முடிவுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எங்கள் விண்ணப்பத்தை யார், எந்த விதியின்படி நிராகரித்தார் என்று கேட்டு விண்ணப்பிப்போம். படிவத்தை நிரப்பிச் செயலாளரிடம் கொடுத்தாயிற்று. அதற்குத் தீர்மானம் சொல்லச் சட்டம் உங்களுக்குக் கொடுக்கிற அவகாசம் 14 வேலை நாட்கள்.

இப்படிக்கு,
லாடத் தொழிலாளி ஒருவர்,
சங்க உறுப்பினர்கள் சார்பில்,
படுவான்கரை, மட்டக்களப்பு